ஜனம், வண்டி, குரங்கு

திருத்தணியில் ஒரு வீட்டுக் குழாய் சொட்டினால் அதற்குக் காரணம் அரக்கோணத்தில் நின்றுபோன ரயில்தான் என்று நிரூபிக்கக்கூடிய ஒரே மனிதப் பிறவி இந்தப் பூமியில் சிஸ்டம் அக்கா மட்டும்தான். நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னை உட்காரவைத்து, நோட்டில் அம்புக்குறி போட்டு நிரூபித்தார். ரயில் அரக்கோணத்தில் முக்கால் மணி நேரம் நின்றது. ஆகவே ஆளுக்கொரு வண்டியில் வர வேண்டிய எங்கள் வீட்டுப் பெண்கள் ஐந்து பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினோம். ஆகவே ஐந்து பேரும் ஒரே நேரத்தில் முகம் கழுவினோம், துணி அலசினோம். மோட்டாரை மூன்று தரம் போட்டோம். போட்ட வேகத்தில் பழைய வாஷர் வாயைப் பிளந்தது.

"வண்டி நின்னுச்சா, வாஷர் பூட்ச்சா? அதாம்மா சிஸ்டம்!" என்று வெற்றிப் புன்னகையோடு நோட்டை மூடினார். குழாய் சொட்டிக்கொண்டேதான் இருந்தது. அதை ரிப்பேர் செய்யும் யோசனை கடைசிவரை அவருக்கு வரவில்லை. நான்தான் பிளம்பரைக் கூப்பிட்டேன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதை நான் கேஸ் ரசீதில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கும் தெருவுக்கும் அவர் சிஸ்டம் அக்கா. அரக்கோணம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வாத்தியாரம்மா. சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் கே.ஜி.கண்டிகை. அங்கே அவருடைய அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். "உன் பொண்ணு இன்னாப்பா படிக்குது?" என்று யாராவது கேட்டால், வெட்டுக்கத்தியைக் கீழே வைக்காமலே, "எல்லாத்தையும்" என்பாராம். அதைவிடத் துல்லியமாக அந்தப் படிப்பை யாரும் இதுவரை விளக்கியதில்லை.

நான் அப்போது திருவள்ளூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். வாடகை மலிவு என்பதால் திருத்தணியில் தங்கியிருந்தேன். மலையடிவாரத்தில் எஸ்தர் அம்மாவின் வீடு. கீழே அவர், மாடியில் நாங்கள் ஐந்து பெண்கள். எஸ்தர் அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். வீட்டுக்கு வருகிற பெண்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த டிபார்ட்மென்ட்டுமா?" நான் "தமிழ்" என்றதும் சாவியைக் கொடுத்துவிட்டார். சிஸ்டம் அக்கா பதில் சொல்லத் தொடங்கியபோது எஸ்தர் அம்மா அடுப்பில் வைத்த உளுந்தங்கஞ்சி, பதில் முடிவதற்குள் அடி பிடித்துவிட்டதாம்.

அந்தக் கேள்விக்குத்தான் எட்டு வருஷமாக அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. மனிதர்கள், இயந்திரங்கள், இயற்கை மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சிக்கலான அமைப்புகளை எப்படி மேலாண்மை செய்வது என்பது அவருடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. பல துறைகளைச் சேர்த்துச் செய்யும் படிப்பு. களம், திருத்தணி மலை. பொறியியல் பேராசிரியரிடம் கொண்டுபோனால், "நல்லா இருக்கும்மா, ஆனா இதுல மனுஷங்க ஜாஸ்தியா இருக்காங்களே" என்பார். சமூகவியல்காரர், "இதுல கணக்கு ஜாஸ்தி" என்பார். சுற்றுச்சூழல்காரர் நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இதுல பஸ் ஜாஸ்தி" என்பார். மூன்று வீட்டு விருந்தாளி பட்டினி கிடந்த கதைதான்.

இதை ஒரே மூச்சில் தீர்த்துவைத்தவர் முனிரத்தினம். ஸ்டேஷனிலிருந்து எங்களை ஏற்றிவரும் ஆட்டோக்காரர். ஒருநாள் அக்கா பின் சீட்டிலிருந்து தன் ஆராய்ச்சித் தலைப்பை முழுதாகச் சொல்லி முடித்தார். தலைப்பு பைபாஸில் தொடங்கி பஜாரில் முடிந்தது. முனிரத்தினம் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "அதாவது ஜனம், வண்டி, கொரங்கு. அவ்ளோதானே?" என்றார்.

அக்கா "வண்டிய ஓரங்கட்டு" என்று நிறுத்தச்சொல்லி, அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவர் வலது கையில் எப்போதும் ஒரு சின்ன இரும்புக் கருவி இருக்கும். கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் 'டிக்' என்று ஓர் எண் ஏறும். மலைப்படியில் உட்கார்ந்து ஏறுகிறவர்களை எண்ணுவார். பஸ்களை எண்ணுவார். குரங்குகளை எண்ணுவார். அதோடு விட்டாரா? எஸ்தர் அம்மா பேச்சுக்கு நடுவே "ஏசப்பா" என்றால் ஒரு டிக். நான் யார் மேலாவது எரிந்து விழுந்தால் ஒரு டிக். மாதக் கடைசியில், "போன மாசத்துக்கு இந்த மாசம் உனக்குக் கோவம் கொறஞ்சிக்கீது" என்று சொல்வார். அதைக் கேட்டதும் வரும் கோபத்துக்கு இன்னொரு டிக்.

ஆனால் ஆளை லேசாக எடை போட்டுவிடக் கூடாது. எங்கள் மாடியில் ஐந்து பெண்களுக்கு ஒரே குளியலறை. காலை ரயிலுக்கு முன்னால் தினமும் ரத்தம் சிந்தாத யுத்தம். நேர அட்டவணை போட்டுப் பார்த்தோம், சீட்டுக் குலுக்கிப் பார்த்தோம், ஒன்றும் எடுபடவில்லை. அக்கா மூன்று நாள் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்று டிக் டிக் என்று எண்ணினார். நான்காம் நாள் சொன்னார்: "குளிக்கிறதுக்கு யாரும் லேட் பண்றதில்லம்மா. குளிச்சிட்டு வெளிய வந்து கதவாண்ட நின்னுகினு கீறீங்க பாரு, அதான் அடைப்பு."

குளியலறைக் கதவை ஒட்டித்தான் வீட்டின் ஒரே கண்ணாடி தொங்கியது. அக்கா அதைக் கழற்றி, சமையலறையில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். அவ்வளவுதான். மறுநாள் காலை சண்டையே இல்லை. எனக்கே சந்தேகம் வந்து குளியலறைக்குள் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

அதற்கடுத்த நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஐந்து பெண்கள் அடுப்படியில் நின்றோம். ஐவரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தீய்ந்த வாடைக்கு மாடியேறி வந்த எஸ்தர் அம்மா, "கண்ணாடிய நவுத்துனியே தாயி, இப்ப இந்தப் பாலை யாரு நவுத்துறது?" என்று இடுப்பில் கை வைத்து நின்றார். அக்காவுக்கோ தாங்க முடியாத சந்தோஷம். "பாத்தியா? ஒண்ணத் தொட்டா இன்னொண்ணு நவுரும்!" என்று குதித்தார். அதன்பிறகு தினம் ஒருத்தி கண்ணாடி பார்க்காமல் பால் பார்க்க வேண்டும் என்று முறை வைத்தோம். என் முறை வரும் நாளெல்லாம் பால் பொங்கியது. அது வேறு கதை.

குரங்குகளோடு அவருக்கு இருந்த உறவு இன்னும் விசேஷம். டூரிஸ்ட் பஸ் ஹாரன் சத்தம் கேட்டால் எந்தக் கூட்டம் எந்த வளைவுக்கு இறங்கிவரும், உள்ளூர்க்காரன் கையையும் வெளியூர்க்காரன் கையையும் அவை எப்படிப் பிரித்து அறியும் என்று பக்கம் பக்கமாக எழுதினார். அதுதான் நான்காம் அத்தியாயம். அச்செடுத்த பக்கங்களை மொட்டை மாடியில் பரப்பி வரிசைப்படுத்திக்கொண்டிருந்தவர், காற்றில் பறக்காமலிருக்க அவற்றின் மேல் ஒரு பொருளை வைத்தார். ஒரு சீப்பு வாழைப்பழம். குரங்கு ஆராய்ச்சியின் மேல் வாழைப்பழத்தைப் பாரமாக வைத்த ஒரே ஆராய்ச்சியாளர் அவர்தான் என்று அடித்துச் சொல்வேன். பழத்தோடு அத்தியாயமும் போயிற்று. பக்கத்துத் தெருக் கூரைகளிலிருந்து பதினொரு பக்கங்களை மீட்டோம். ஒன்றில் பல் தடம் முழுதாகப் பதிந்திருந்தது. அதை நீவி எடுத்துவைத்துக்கொண்டு, "யாரப் பத்தி எழுதுனேனோ அவங்களே படிச்சிப் பாத்துட்டாங்க" என்று பெருமைப்பட்டார்.

இத்தனை அமர்க்களத்துக்கும் ஒரு முடிவு தேதி இருந்தது. ஆராய்ச்சிக்குப் பதிவு செய்த காலம் மூன்று தரம் நீட்டிக்கப்பட்டு, அந்த ஆகஸ்ட் மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் வாய்மொழித் தேர்வு முடியாவிட்டால் எட்டு வருஷமும் குப்பைக்கூடைக்கு. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் மிகப் பெரிய ஆள், அதைவிடப் பெரிய பிசி. அவருக்கு ஒழிந்தது ஒரே ஒரு நாள், காலை பதினொரு மணி, சென்னையில். அன்று மாலையே விமானம் ஏறுகிறார். அக்கா சரி என்று சொல்லிவிட்டு, தேதியை யாரிடமும் மூச்சு விடவில்லை. நாங்கள் தெரிந்துகொண்டால் எங்கள் நடத்தை மாறும், நடத்தை மாறினால் வீடு மாறும், வீடு மாறினால் அவர் படிக்க முடியாது. அப்படி ஒரு கணக்கு.

அந்த வருஷம் ஆடியில் இரண்டு கிருத்திகை. முதல் கிருத்திகையன்று மலைக்குக் கூட்டம் வரத்தான் செய்தது. அக்கா போய் எண்ணிவிட்டு வந்து, சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டில் 'ஆடிக் கிருத்திகை முடிந்தது' என்று டிக் அடித்தார். 'இந்த வருஷம் கூட்டம் குறைவு' என்று எழுதி, குறைந்ததற்கு மூன்று காரணங்களும் கண்டுபிடித்துவிட்டார். மூன்றும் நல்ல காரணங்கள். ஆனால் எங்கள் மலையில் விழா இரண்டாவது கிருத்திகைக்கு. வீட்டிலிருந்த ஒரே காலண்டர் எஸ்தர் அம்மாவின் சர்ச் காலண்டர். அதில் தினம் ஒரு வேத வசனம் இருக்கும், நட்சத்திரம் இருக்காது. அக்கா மூன்று வாரம் லீவு போட்டு, ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தார். வெளியே மைக் செட் அலறினால், ஆடி மாதம்தானே, ஏதோ அம்மன் கோயில் கூழ் என்று நினைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி.

அன்று காலை ஆறு மணிக்கு, உள்ளூர் விடுமுறை ஆயிற்றே என்று நான் பாயில் புரண்டுகொண்டிருந்தேன். மற்ற மூன்று பெண்களும் ஊருக்குப் போயிருந்தார்கள். பட்டுக்கரை வைத்த பருத்திப் புடவையில், கையில் ஒரு பெரிய துணிப்பையோடு அக்கா என் முன்னால் நின்றார். பைக்குள் கெட்டி அட்டை போட்ட ஐந்து ஆய்வேடுகள்.

"நானு மெட்ராஸ் போறேன். இன்னிக்கு எனக்கு வைவா," என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்து, "இன்னிக்கா?" என்றேன். போய் ஜன்னலைத் திறந்தேன்.

தெரு மஞ்சளாக இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பூக்காவடிகள், மஞ்சள் துணிகள், தோளில் குழந்தைகள், பம்பை உடுக்கை, "அரோகரா!" அத்தனை பேரும் ஸ்டேஷனிலிருந்து மலையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அக்கா மலையிலிருந்து ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

அக்கா பஞ்சைக் காதிலிருந்து எடுத்தார். எட்டு வருஷமாகத் தான் எண்ணி வந்த கூட்டம் தன் தலைமேலேயே வந்து இறங்கியதைப் பார்த்து அவர் அழவில்லை. "அப்ப அந்த மூணு காரணமும் தப்பு," என்றார்.

போன் கிடைக்கவில்லை. லட்சம் பேர் ஒரே நேரத்தில் பேசினால் எப்படிக் கிடைக்கும்? எல்லா வண்டிகளையும் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போகக் கால்தான் கதி. எட்டு மணிக்குள் ரயிலைப் பிடிக்காவிட்டால் பதினொரு மணிக்கு மெட்ராஸ் இல்லை. பதினொரு மணி இல்லாவிட்டால் பட்டம் இல்லை. நானும் துணைக்குப் புறப்பட்டேன்.

கீழே எஸ்தர் அம்மா வாசலில் இரண்டு அண்டா நீர்மோரோடு நின்றிருந்தார். வருஷா வருஷம் கொடுப்பார். "தாகத்துக்குத் தண்ணி குடுன்னுதான் கர்த்தர் சொல்லிக்கிறாரு. எந்த மலைக்கிப் போறவங்கன்னு கேட்டுட்டுக் குடுக்கச் சொல்லல" என்பது அவர் கட்சி. விஷயத்தைக் கேட்டதும் மோர்க் கரண்டியை அப்படியே அண்டாவில் விட்டார். "ஏசப்பா! இன்னிக்கா வெச்ச?" என்றார். அக்கா பழக்க தோஷத்தில் ஒரு டிக் தட்டினார்.

அப்போது மோர் குடிக்க வந்து சேர்ந்தார் முனிரத்தினம். விடியற்காலையிலேயே காவடியைச் செலுத்திவிட்டு இறங்கியவர். மொட்டைத் தலையில் சந்தனம், இடுப்பில் மஞ்சள் வேட்டி, தோளில் மஞ்சள் துண்டு. அவரும் எங்களோடு வந்தார்.

வாசற்படியில் நின்று அக்கா பத்து நிமிஷம் கூட்டத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம்! எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. "கத்தாத. கால்வாயில தண்ணி ஓடுறப்ப ஓரத்துல கொஞ்சம் திரும்பி ஓடும், பாத்திருக்கியா? மொட்ட போட்டவங்க எறங்கி வந்துகினு கீறாங்க பாரு, எடது ஓரம். அதுல சேந்துக்கணும்," என்றார். உண்மைதான். நடுத்தெரு ஆற்றைப் பிடித்துப் போராடாமல், சந்தன மொட்டைகளின் வரிசைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டோம். பாதி தூரம் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கினோம்.

பஜார் முனையில் அந்த ஓரமும் அடைத்துக்கொண்டது. மூன்று பக்கத்திலிருந்தும் காவடி. நசுக்கலில் துணிப்பையின் காது அறுந்து, ஆய்வேடுகள் ஐந்தும் தரையில் விழுந்தன. குனிந்து பொறுக்குவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. மணி ஏழரை.

முனிரத்தினம் தோளிலிருந்த மஞ்சள் துண்டை எடுத்து விரித்தார். ஐந்தையும் அடுக்கிக் கட்டி, முடிச்சுப் போட்டார். "தலையில வெச்சிக்கோங்க. செருப்ப கழட்டுங்க."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் முனிரத்தினம். சாமி கும்புட வந்தவங்கள நானு ஏமாத்த மாட்டேன். அதுக்கெல்லாம் ஆராய்ச்சிக் கமிட்டில முன்னாடியே பர்மிஷன் வாங்கணும்."

"இன்னா ஏமாத்து?" என்று முனிரத்தினம் எகிறினார். அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. "எட்டு வருசமா வெயிலு மழ பாக்காம அந்தப் படியில ஏறி எறங்கிகினு கீறீங்க. நல்ல துணி உடுத்தல, நேரத்துக்குச் சோறு துன்னல. எங்க ஊர்ல இதுக்குப் பேரு வேண்டுதல். நாலு வருசம் காவடி எடுத்த ஆளு, நானு சொல்றேன். தூக்குங்க."

அக்கா செருப்பைக் கழற்றினார். நான் என் பைக்குள் போட்டுக்கொண்டேன். மூட்டை தலைக்கு ஏறியது. முனிரத்தினம் முன்னால் நின்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார்: "வழி வுடுங்க! அரோகரா!"

"அரோகரா!" என்றது பஜார். வழி திறந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஒளிப்பானேன். பூக்காவடிகள் சாய்ந்து இடம் விட்டன. ஒருவர் மூட்டையின் மேல் சாமந்தி உதிரிகளைத் தூவினார். இன்னொருவர் அக்காவின் நெற்றியில் விபூதி பூசினார். ஒரு பெரியவர் மட்டும் விவரமாக, "கீழ போறீங்களே, மல அந்தாண்ட இல்ல கீது?" என்று கேட்டார். "இவங்களுக்குத் தரிசனம் மெட்ராஸ்லங்க!" என்றார் முனிரத்தினம், நிற்காமல்.

ஸ்டேஷன் திருப்பத்தில் கடைசி அடைப்பு. ஆந்திராப் பக்கமிருந்து ஒரு பெரும் குடும்பம் ரோட்டை நிறைத்து வந்தது. நடுவில் கனத்த சரீரத்தோடு ஓர் அம்மாள். அக்காவை மேலும் கீழும் பார்த்துத் தெலுங்கில், "என்னோ ஏடம்மா?" என்று கேட்டார். காவடி எடுப்பவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்விதான் அது, எத்தனையாவது வருஷம்?

கண்டிகைக்காரிக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பொய் மட்டும் வராது. மூட்டையைப் பிடித்துக்கொண்டு, உள்ளதைச் சொன்னார். "எனிமிதோ ஏடு." எட்டாவது வருஷம்.

அந்த அம்மாள் மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் குடும்பத்தின் பக்கம் திரும்பிப் போட்ட சத்தத்தில் பம்பை நின்றுபோயிற்று. "எனிமிதோ ஏடு! தாரி இவ்வண்டி!" வழி விடச் சொல்லிவிட்டு, அவரே இரண்டு கையையும் விரித்து ஆட்களை ஒதுக்கிக்கொண்டே எங்களுக்கு முன்னால் ஸ்டேஷன் வாசல்வரை நடந்தார். போகும்போது அக்காவின் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார். அக்கா ஒரு கையால் மூட்டையைப் பிடித்திருந்தார். மறுகைக் கட்டைவிரல் வழியெல்லாம் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே வந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

பிளாட்பாரத்தில் மனிதத் தலைகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "இதுல எங்க ஏறுறது?" என்று நான் உட்கார்ந்துவிட்டேன். அக்கா சிரித்தார். "அத்தினி பேரும் எறங்கினு கீறாங்கம்மா. எறக்கிவுட்ட வண்டி காலியாத்தானே திரும்பணும்?" கூட்டம் வடிந்தது. சென்னைக்குத் திரும்பும் வண்டியில் எங்கள் பெட்டியில் ஏறியவர்கள் நாங்கள் இரண்டு பேர், ஒரு மொட்டைக் குழந்தை, அதைப் பெற்றவர்கள். முனிரத்தினம் பிளாட்பாரத்தில் நின்று, வண்டி கிளம்பும்போது மறுபடி ஓர் அரோகரா போட்டார். அக்கா ஒரு முழு சீட்டில் நீட்டிப் படுத்துத் தூங்கினார். எட்டு வருஷத்தில் அவர் நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்தது அதுதான்.

பதினொரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அறைக்குள் நுழைந்தோம். அங்கே போய்த்தான் தெரிந்தது, செருப்பு என் பைக்குள்ளேயே இருந்தது. மூன்று துறைப் பேராசிரியர்களுக்கும் பெரிய தேர்வாளருக்கும் முன்னால் வெறுங்காலோடு, நெற்றி நிறைய விபூதியோடு, தலையில் இரண்டு சாமந்தி இதழோடு நின்றார் சிஸ்டம் அக்கா. ஆய்வேட்டை விரித்த தேர்வாளர் மடியிலும் சாமந்தி உதிர்ந்தது.

யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம் என்பதால் நான் கடைசி வரிசையில் இருந்தேன். ஒன்றரை மணி நேரம் இங்கிலீஷில் கேள்வி. அக்கா படம் போட்டார், அம்புக்குறி போட்டார். பின்னிணைப்பில் பல் தடத்தோடு இருந்த பக்கத்தைக் காட்டி இது என்ன என்றார்கள். விளக்கினார். சிரித்தார்கள். கடைசியில் தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழில் கேட்டார்: "எல்லாம் சரிம்மா. இத்தனை பக்கத்தையும் ஒரே வரியில சொல்லுங்க பார்க்கலாம்."

"ஜனம், வண்டி, குரங்கு சார். ஒண்ணத் தொட்டா மத்த ரெண்டும் நகரும்."

"தாளுக்கு வெளியே இது வேலை செய்யும்னு எப்படி நம்புறது?"

அக்கா காலைக் கதையைச் சொன்னார். காலண்டரில் கோட்டைவிட்டதை மறைக்காமல் சொன்னார். இடது ஓரத்தை, அறுந்த பையை, மஞ்சள் துண்டை, காலி ரயிலைச் சொன்னார். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்போதும் விடாமல் ஒரு பேராசிரியர் முனகினார்: "பிரமாதம்தான். ஆனா பட்டத்தை எந்த டிபார்ட்மென்ட்டுல சேர்க்கிறது?"

அக்கா கைக்குள்ளிருந்த கருவியை மேஜைமேல் வைத்தார். எண் எல்லோருக்கும் தெரிந்தது. எழுநூறைத் தாண்டியிருந்தது.

"இன்னிக்குக் காலைல எனக்கு வழி விட்டவங்க சார். நான் எண்ணிக்கிட்டேதான் வந்தேன். ஒருத்தர்கூட எந்த டிபார்ட்மென்ட்டுன்னு கேக்கல."

முதலில் கை தட்டியது தேர்வாளர். இரண்டாவது நான் என்று நினைக்கிறேன். அழுதுகொண்டே தட்டியதால் சரியாக ஞாபகமில்லை.

வராந்தாவில் வந்து நின்று அப்பாவுக்குப் போன் போட்டார். கரும்புத் தோட்டத்தில் அவர் கத்திப் பேசியது எனக்கே கேட்டது.

"நைனா, நானு டாக்டர் ஆயிட்டேன்."

"எதுக்கு டாக்டரு?" என்று கேட்டுவிட்டு, அவரே, "எல்லாத்துக்குமா?" என்றார்.

"ஆங் நைனா. எல்லாத்துக்கும்," என்று சொல்லிவிட்டு அக்கா சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

அடுத்த வருஷம் வடக்கே ஒரு பெரிய நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. எஸ்தர் அம்மா சர்ச் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாங்கக் காலண்டரும் மாட்டினார். முனிரத்தினத்தின் ஆட்டோ முதுகில் 'ஜனம், வண்டி, குரங்கு' என்று இன்றைக்கும் எழுதியிருக்கிறது. கேட்கிறவர்களிடம், "எங்க அக்கா படிச்ச படிப்பு" என்கிறார். நான் கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே குளியலறை இரண்டு, கண்ணாடி மூன்று, சண்டைக்குக் காரணமே இல்லை.

ஆனாலும் வாரத்தில் ஒருநாள், அடுப்புக்கு முன்னால் நின்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தும், பால் பொங்கி வழிந்துவிடுகிறது. எனக்கு இப்போது கோபம் வருவதில்லை. தூரத்தில் ஏதோ ஓர் ஊரில் அக்கா யாருக்காகவோ ஒரு கண்ணாடியை இடம் மாற்றி மாட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அடுப்பைத் துடைக்கிறேன்.